மலைத்தேனீ கலைந்த ஞாயிறு: மதுரை வட்டார நடைக்குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மேலூர் வட்டத்தில் உள்ள ஒரு மலைக்கு மாதாந்திர நடை சென்றவர்களை மலைத்தேனீக்கள் தாக்கின. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொட்டுப்பட்டார்கள். இருவரின் நிலை கவலைக்கிடமானது. ஒருவரை நண்பகல் வரை காணவில்லை. உயிரிழப்பு இல்லை. உடன் சென்ற தன்னார்வலர்கள், ஊர்க்காரர்கள், சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரிடம் கேட்டறிந்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன். மலையின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அதேபோன்ற மலைகள் அந்த வட்டாரத்தில் பல இருப்பதால் ஊகிப்பதில் பயனில்லை.

குழுவும் அதன் வழக்கமும்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவிகள் தங்கிய குகைகளும் கல்படுக்கைகளும் இருக்கின்றன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், யானைமலை, கொங்கர்புளியங்குளம் எனப் பட்டியல் நீளும். மாங்குளத்துக் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டறிந்தார். அவற்றின் மொழி தமிழ்தான் என்பதை 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஊர்க்காரர்களுக்கோ இவை காலங்காலமாகப் பஞ்சபாண்டவர் படுக்கைகள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏறுவதும் பெரிய சிரமமில்லை. இந்த வட்டாரத்தில் ஞாயிறு நடைகள் வேரூன்றியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் குழுவுக்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது, சந்தா கிடையாது. ‘வருகிறவர் வரலாம்’ என்பதே விதி. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், லேத் பட்டறைத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய பேரக்குழந்தைகள் எல்லோரும் வருவார்கள். மாட்டுத்தாவணியில் விடியுமுன் கூடி, இருசக்கர வண்டிகளில் ஊருக்குப் போய், ஊர்ப் பொதுவிடமான மந்தையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, கண்மாய்க்கரை வழியே மலைக்கு நடப்பார்கள். மேலே கல்வெட்டு பற்றியோ மரஞ்செடிகள் பற்றியோ ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். இறங்கி வந்தால் மந்தையில் பொங்கலும் சாம்பாரும் தயாராக இருக்கும். சமைப்பவர்கள் ஊர்ப் பெண்கள். உண்டியல் ஒன்று கைமாறிக்கொண்டே போகும். அதில் விழுவதிலிருந்துதான் சாப்பாட்டுச் செலவு. இப்படிப் பல ஆண்டுகள் சென்று வந்ததில் சில ஊர்களோடு உறவு கனிந்திருந்தது. திருவிழாவுக்கு அழைப்பு வரும். கல்யாணப் பத்திரிகை வரும்.

கூட்டம் பெருத்தது அண்மையில்தான். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டங்ஸ்டன் சுரங்க ஏலமும், அதை எதிர்த்து மேலூர் வட்டாரம் திரண்டு எழுந்ததும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் செய்திகளாயின. அந்த மலைகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் பலரும் கிளம்பினார்கள். வழக்கமாக அறுபது, எழுபது பேர் வந்த நடைக்கு அந்தப் பங்குனி ஞாயிறன்று நூற்றைம்பது பேருக்கு மேல் வந்தார்கள். ‘மேல்’ என்று சொல்லக் காரணம், சரியான எண்ணிக்கை அன்றும் யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது.

நடைக்கு முந்தைய வாரம்

இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்துவருவது குழுவின் நல்ல பழக்கங்களில் ஒன்று. இந்த முறையும் இரண்டு இளைஞர்கள் போனார்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அவர்களை நிறுத்தினார். “தம்பி, மேல் பொடவில் தேன் இறங்கியிருக்கிறது. மூன்று அடை. அந்தப் பக்கம் ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்” என்றார். பொடவு என்றால் குகை; தேன் என்று அவர் சொன்னது தேனீயை. இளைஞர்கள் கீழே நின்றே பார்த்தார்கள். குகையின் நெற்றிப் பாறைக்கு அடியில் கறுத்த முறம்போல மூன்று அடைகள் தொங்கின.

மலைத்தேனீ பொந்துக்குள் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பின் அடியிலோ உயரமான மரக்கிளையிலோ ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். வேம்பும் புங்கமும் பூக்கும் காலத்தில் வந்து தங்கி, பூ குறைந்ததும் இடம்பெயர்ந்துவிடும். மூடிய கூடு இல்லாததால், ஆயிரக்கணக்கான ஈக்கள் அடையின் மேல் போர்வைபோலப் படர்ந்து அதைக் காக்கின்றன. எதிரி நெருங்கினால் அந்தப் போர்வையில் அலை அலையாக ஒரு மினுக்கம் ஓடும். அதையும் மீறி நெருங்கினால் கூட்டமாகக் கிளம்பும். இதில் கவனிக்க ஒன்று உண்டு. மழைநீர் உள்ளே வராதபடி நெற்றிப் பாறையில் காடி வெட்டி, துறவிகள் தங்க உகந்ததாக்கிய குகைகள் இவை. மழையும் வெயிலும் படாத அதே விளிம்பைத்தான் தேனீயும் தேடி வருகிறது. கல்படுக்கை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தேனடை இருக்கக்கூடிய இடத்துக்கே போகிறார்கள்.

இளைஞர்கள் அன்று மாலையே பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்கள். நடையை ரத்து செய்ய வேண்டாம், கீழ்க் குகையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. பெரியவர் சொன்னதும் ஏறக்குறைய அதுவே என்பதால் அந்த முடிவில் பிழை காண்பதற்கில்லை.

செய்தி கைமாறிய விதத்தில்தான் சிக்கல் இருந்தது. பெரியவர் சொன்னது ‘அந்தப் பக்கம் போகாதீர்கள்’. பொறுப்பாளர் குறித்துவைத்தது ‘மேல் குகை வேண்டாம்’. வாட்ஸ்அப் அறிவிப்பில் வந்தது ‘மேல் பகுதியில் தேனடைகள் உள்ளதால் கவனம் தேவை’. மந்தையில் கூடியவர்களிடம் வாயால் சொல்லப்பட்டது ‘மேலே போகிறவர்கள் சத்தம் போடாமல் போங்கள்’. நான்கு பேர் வாயில் புகுந்து வருவதற்குள் தடை அறிவுரையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் மென்மையாக்கினார்கள், அவ்வளவே.

அன்று காலை

ஆறே காலுக்கு மந்தையிலிருந்து முதல் கூட்டம் புறப்பட்டது. பள்ளி ஒன்றின் வேன் அரை மணி நேரம் தாமதமாக வந்ததால், அதில் வந்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் அறிவிப்பு எதையும் கேட்கவில்லை. நடந்தவர்களின் வரிசை கண்மாய்க்கரையில் நீண்டது. முன்னால் போனவர்கள் பாறையில் ஏறத் தொடங்கியபோது, பின்னால் வந்தவர்கள் இன்னும் கலுங்குக்கு அருகில் நின்று நீர்க்காகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்க் குகையில் ஐம்பது பேர் உட்காரலாம். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். பேச்சாளரின் குரல் அவர்களை எட்டவில்லை. கேட்காத இடத்தில் எத்தனை நேரம் நிற்பது? சிலர் படம் எடுக்கப் போனார்கள். சிலர் சுனையைத் தேடிப் போனார்கள். ஒரு சிறு கூட்டம் மேல் குகைக்குப் போகும் படிவெட்டுகளில் ஏறியது. மேலே செல்லும் வழியை மறித்து நிற்க யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

தேன் கலைந்தது

எட்டு மணி இருக்கும். மேலிருந்து ஒரு கூச்சல். அடுத்த நொடி ஊர்ப் பெண் ஒருவர் கீழேயிருந்து “தேன் கலைந்துவிட்டது, படுத்துக்கொள்ளுங்கள்” என்று கத்தினார். வேறொருவர் “ஓடுங்கள்” என்று கத்தினார். இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன.

திறந்த வெளியில் தேனீக் கூட்டம் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடி, மூடிய இடம் ஒன்றுக்குள் புகுந்துவிட வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. படுத்துக்கிடப்பது உதவாது. ஆனால் சரிவான வழுக்குப் பாறையில் ஓடினால் கொட்டுவதைவிட விழுவது பெரிய ஆபத்து. அன்று இரண்டு பேருக்கு மணிக்கட்டு முறிந்ததும் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டதும் ஓட்டத்தால்தான்.

ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் கீழ்க் குகையில் இருந்தார். அங்கே இருந்த சிறுவர்களைக் குகையின் உட்கோடியில், கூரை தாழ்ந்து வரும் இடத்தில் நெருக்கி உட்காரவைத்தார். குழுவின் பதாகையை இழுத்து அவர்கள்மேல் போர்த்தினார். துப்பட்டாக்கள், துண்டுகள், கல்படுக்கையில் விரித்திருந்த ஜமுக்காளம் எல்லாம் பதாகையின் ஓரங்களை அடைக்கப் பயன்பட்டன. கையை வீசக் கூடாது, பேசக் கூடாது என்று மட்டும் சொன்னார். பதாகையின் அடியில் இருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் மூன்று, நான்குக்கு மேல் கொட்டு இல்லை. வெளியே ஓடிய பெரியவர்களில் சிலருக்கு ஐம்பதுக்கும் மேல்.

கொட்டிய ஈ கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துவிடும். ஆனால் அந்தக் கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை, மற்ற ஈக்களை அதே இடத்துக்கு அழைக்கிறது. ஒரு கொட்டு பத்துக் கொட்டாக மாறுவதும், ஈயை அடித்து நசுக்கியவரை மேலும் ஈக்கள் மொய்ப்பதும் இதனால்தான். சுனைக்குள் இறங்கிய இருவரும் இதைக் கண்டார்கள். தலையை வெளியே எடுத்தபோதெல்லாம் ஈக்கள் காத்திருந்தன.

இருபது நிமிடங்களில் ஊர்க்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். ஆட்டுக்காரப் பெரியவரும் இரண்டு இளைஞர்களும் கம்பளி போர்த்தி, ஈர வைக்கோலைக் கட்டாகக் கட்டிப் புகை மூட்டிக்கொண்டு வந்தார்கள். பங்குனியில் காய்ந்த புல் நடுவே நெருப்பைக் கொண்டுவருவது சரியா என்று செவிலியர் தயங்கினார். பெரியவர், வெறும் பாறையில் மட்டும் வைப்பதாகவும் அடைக்கு அருகில் கொண்டுபோவதில்லை என்றும் சொல்லி, குகை வாயிலுக்கும் மேல் சரிவுக்கும் இடையில் புகையை நிறுத்தினார். அந்தப் புகை மறைவில் பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகப் புதர்ப்பக்கம் இறக்கப்பட்டார்கள். திறந்த பாறை வழியைத் தவிர்த்ததும் அவர் சொல்லித்தான்.

யாரை முதலில் அனுப்புவது

மந்தையில் காட்சி குழப்பமாக இருந்தது. 108க்கு அழைத்தாகிவிட்டது. முதல் ஆம்புலன்ஸில் இருவரைத்தான் ஏற்ற முடியும். அதிகம் கொட்டுப்பட்டு அலறிக்கொண்டிருந்தவர்களை ஏற்ற எல்லோரும் முனைந்தார்கள். செவிலியர் மறுத்தார். திண்ணையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரைக் காட்டினார். அவருக்கு மொத்தம் நான்கே கொட்டுகள். ஆனால் உதடு தடித்திருந்தது, குரல் கம்மியிருந்தது, உடம்பெல்லாம் தடிப்பு. கொட்டுகளின் எண்ணிக்கைக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. ஒரே கொட்டிலும் மூச்சு அடைக்கலாம். வழியில் அவருடைய ரத்த அழுத்தம் சரிந்தது. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை.

இரண்டாவது நபர் இதற்கு நேர்மாறானவர். நூற்றுக்கும் மேற்பட்ட கொட்டுகள் வாங்கியும் “எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களைப் பாருங்கள்” என்று நின்றுகொண்டே இருந்தார். அவரையும் வற்புறுத்தி அனுப்பினார்கள். அத்தனை நஞ்சு உடலில் ஏறினால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அறிகுறி உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. மறுநாள் அவருக்குச் சிறுநீர் கருத்து வந்தது. மருத்துவமனையிலேயே இருந்ததால் உடனே கவனிக்க முடிந்தது. ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்.

மற்றவர்கள் பள்ளி வேனிலும் ஊர்க்காரரின் சரக்கு வண்டியிலும் போனார்கள். ஊர்ப் பெண்கள் கொடுக்குகளை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பால் பயன் இருக்கிறதோ இல்லையோ, கொடுக்கை உடனுக்குடன் எடுத்தது நல்ல காரியம். தோலில் தங்கிய கொடுக்கிலிருந்து நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் எப்படி எடுப்பது என்று யோசிப்பதைவிட உடனே எடுப்பது முக்கியம். கண்ணுக்கு அருகில் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம் என்று செவிலியர் தடுத்தார்.

ஒரு வண்டி மட்டும் மிச்சம்

பத்து மணி அளவில், எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. யார் யார் வந்தார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இருந்த பலர் நடைக்கு வரவில்லை. நடைக்கு வந்த பலர் குழுவில் இல்லை.

ஊர் இளைஞர் ஒருவருக்குத்தான் வண்டிகளை எண்ணும் யோசனை தோன்றியது. மந்தையில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் ஆள் தேடினார்கள். மருத்துவமனைக்குப் போனவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் கழித்தார்கள். கடைசியில் ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி மட்டும் மிஞ்சியது. காலையில் எடுத்த குழுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது அவ்வப்போது வரும் முதியவர் ஒருவருடைய வண்டி என்று கண்டார்கள். அவருடைய தொலைபேசி அணைந்திருந்தது. தீயணைப்புத் துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் மலையைச் சுற்றித் தேடப் போனார்கள். ஈக்கள் இன்னும் முழுதாக அடங்காத மலை அது.

பன்னிரண்டு மணிக்கு அவருடைய மகளின் எண் கிடைத்தது. அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றார் அவர். முதியவர் மலையின் மறுபக்கம் இறங்கியிருக்கிறார். தொலைபேசி பாறையில் விழுந்து உடைந்துவிட்டது. பக்கத்து ஊரில் மோர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். பிறகு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். வண்டியை நாளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். அவர்மேல் கோபப்பட ஏதுமில்லை. இறங்கியதும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

காணாமல் போனவரை இப்படி வண்டியை வைத்துக் கண்டுபிடித்தது நல்வாய்ப்புதான். அவர் பஸ்ஸில் வந்திருந்தால், காணவில்லை என்பதே தெரிந்திருக்காது. அதேபோல, உண்மையிலேயே ஒருவர் மேலே மயங்கிக் கிடந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அன்றைய நிகழ்வில் என்னை மிகவும் கலங்கவைப்பது தேனீயைவிட இதுதான்.

காரணம் பற்றி

மூன்று கதைகள் கிடைத்தன. சிறுவன் ஒருவன் கல்லெறிந்தான் என்றார்கள். தீர்த்தங்கரர் சிற்பத்தின் முன் ஒருவர் சூடம் ஏற்றினார் என்றார்கள். தேன்பருந்து ஒன்று அடையில் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்ததாக இருவர் உறுதியாகச் சொன்னார்கள். மூன்றும் நடக்கக்கூடியவை. எது என்று தீர்மானிக்கக் குழு முயலவில்லை. கல்லெறிந்ததாகச் சொல்லப்பட்ட சிறுவனின் பெயர் வாட்ஸ்அப்பில் வந்தபோது அதை உடனே நீக்கச் சொன்னது, அன்று எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது. மூன்று அடைகளுக்கு அருகில் அத்தனை பேர் நின்றால் ஏதோ ஒன்று நடக்கும்; பருந்துக்கு விதி போட முடியாது.

மந்தையில் பேச்சு

அடுத்த ஞாயிறு குழுவிலிருந்து ஆறு பேர் ஊருக்குப் போனார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் முன்னிலையில் மந்தையில் பேச்சு நடந்தது. ஊரில் இரண்டு மனநிலை இருந்தது. வெளியாட்கள் இனி மலைக்கே வரக் கூடாது என்றார்கள் சிலர். போராட்டக் காலத்தில் உடன் நின்றவர்களை அப்படித் தள்ள முடியாது என்றார்கள் வேறு சிலர். இதற்கிடையே இளைஞர் சிலர் அடைகளைத் தீவைத்து அழித்துவிடலாம் என்றார்கள். ஆட்டுக்காரப் பெரியவர் எழுந்து, “தேன் அதன் வீட்டில் இருந்தது. நாம்தான் போனோம்” என்றார். அத்தோடு அந்த யோசனை நின்றது. ஆடி மாதம் பார்த்தபோது அடைகள் காலியாகி, பாறையில் கறை மட்டும் இருந்தது.

ஊர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். மலை ஏறலாமா கூடாதா என்பதை அன்றைய காலையில் ஊர் சொல்லும். அதற்கு மேல் பேச்சில்லை. குழு ஒப்புக்கொண்டது.

குழுவுக்குள் விவாதம்

இணையத்தில் முன்பதிவு வேண்டும் என்பது பலருடைய கருத்து. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். படிவம் வைத்தால் திறன்பேசி இல்லாதவர்கள், எழுதத் தயங்குகிறவர்கள், வேலை முடிந்தால்தான் வர முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் நின்றுவிடுவார்கள். பட்டறைத் தொழிலாளர்கள் இல்லாத குழு தனக்கு வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் யார் வந்தார்கள் என்று தெரியாமல் ஒருவரைக்கூட மலைக்கு அழைத்துப் போக முடியாது என்ற செவிலியரின் வாதத்துக்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டு கூட்டங்கள் நடந்தன. சிலர் மனக்கசப்போடு விலகினார்கள்.

மாறியவை

முன்பதிவு இல்லை. ஆனால் மந்தையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெயர், கைபேசி எண், வீட்டில் ஒருவருடைய எண் மூன்றையும் எழுதாமல் யாரும் கிளம்புவதில்லை. எழுதத் தெரியாதவருக்குத் தன்னார்வலர் எழுதிக்கொடுக்கிறார். இறங்கியதும் பெயருக்கு நேரே குறி போட வேண்டும். எழுபது பெயர் ஆனதும் நோட்டை மூடிவிடுகிறார்கள். அதற்குமேல் வருகிறவர்களுக்குக் கண்மாய் நடை, பறவை பார்த்தல் என்று தரையிலேயே ஒன்று நடக்கிறது. பள்ளிகளுக்குத் தனி நாள்.

இருபது பேருக்கு ஒரு பொறுப்பாளர், வரிசையின் கடைசியில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மாசி முதல் வைகாசி வரை, அடை இருக்கும் குகைகளுக்கு நடை இல்லை. வாசனைத் திரவியம், ட்ரோன், சூடம் எதற்கும் அனுமதி இல்லை.

எச்சரிக்கை கைமாறும் முறையையும் மாற்றினார்கள். உள்ளூர் வழிகாட்டி தன் வாயாலேயே, மந்தையில் எல்லோர் முன்னும் சொல்கிறார். தாமதமாக வருகிறவர்கள் அவரிடம் தனியே கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இந்த ஊரில் அந்த வழிகாட்டி ஆட்டுக்காரப் பெரியவர்தான். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கப்படுகிறது. முதலில் வாங்க மறுத்தார். கூலி வாங்காவிட்டால் அவர் சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்று அம்பலகாரர் விளக்கிய பிறகு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் நடந்த முதல் நடையில், மலை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி அவர் அனைவரையும் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பினார். முணுமுணுப்பு இருந்தது. திரும்பினார்கள்.

இன்னும் தீராதவை

ஒவ்வாமைக்கு ஆளான பெண்மணி இப்போது சமவெளி நடைகளுக்கு மட்டும் வருகிறார். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. நடையில் செவிலியரோ மருத்துவரோ இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டே கிளம்புகிறார். சில மாதங்களில் யாரும் இருப்பதில்லை. அந்த மாதங்களில் அவர் வருவதில்லை.

கூலி, நோட்டு, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் உண்டியல் போதவில்லை. இரண்டு முறை பொறுப்பாளர்கள் கைக்காசு போட்டார்கள். நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் குறி போடாமல் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறவர்கள் ஒவ்வொரு நடையிலும் இரண்டு, மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்கும் வேலை தை மாதத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பெயருக்குப் பதில் கிடைக்கும்வரை அவர் மந்தையை விட்டுக் கிளம்புவதில்லை.